பட்டியல் பக்கம் மாறும்போது



தோட்டத்து வாழ்வில் பட்டியல் இல்லாத நாள் கிடையாது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் போடுவதில் தொடங்கி, மாத முடிவில் சம்பளக் கணக்கு, கோயில் திருவிழாவின் நன்கொடைக் கணக்கு, மரண சகாய நிதிக்குப் பணம் கட்டியவர் விவரம், பள்ளியில் பிள்ளைகளின் பெயர்ப் பதிவு, வீட்டுக்கு விண்ணப்பித்த குடும்பங்களின் விவரம் என எல்லாமே கட்டம் போட்ட தாளுக்குள்தான் அடங்குகின்றன. அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் கிராணியார் கையால் எழுதி வந்தார். இன்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ, ஆலய நிர்வாகத்துக்கோ, மணிமன்றத்துக்கோ ஒரு பட்டியல் வேண்டுமென்றால், வீட்டில் படித்த பிள்ளை ஒன்று கணினியின் முன் அமர்ந்து தட்டெழுதிக் கொடுத்துவிடுகிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய வளர்ச்சியே.

ஆனால் அந்தப் பட்டியல் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டால் தொல்லை இல்லை. இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முதல் பக்கத்தின் மேலே இருந்த தலைப்புகள் இரண்டாம் பக்கத்தில் காணாமற் போகின்றன. ஒருவருடைய பெயரில் பாதி இந்தப் பக்கத்தின் அடியிலும் மீதி அடுத்த பக்கத்தின் உச்சியிலுமாகப் பிரிந்து நிற்கிறது. கூட்டுத்தொகையும் கையொப்பமும் மட்டும் தனியே ஒரு தாளில் போய் விழுகின்றன. இவை ஏன் நேர்கின்றன, எப்படிச் சரி செய்வது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

"அழகு கெட்டால் கெட்டுப் போகட்டும், விவரம் இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். இது அழகைப் பற்றிய பேச்சு அன்று. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இந்தச் சம்பளம் பெறும் மலேசியத் தொழிலாளி ஒருவருக்கு, அறுபது வயதுக்கு உட்பட்டவராயின், ஊழியர் சேமநிதிக்கு அவருடைய பங்கு நூற்றுக்கு 11. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 13. அதாவது ஒரு கட்டத்தில் 187 வெள்ளி. பக்கத்துக் கட்டத்தில் 221 வெள்ளி. தலைப்பு இருக்கும் பக்கத்தில் எது யாருடைய பங்கு என்பது பார்த்தவுடன் தெரியும். தலைப்பு இல்லாத இரண்டாம் பக்கத்தில் 187, 221 என்று இரண்டு எண்கள் மட்டும் நின்றால், எது சம்பளத்தில் பிடித்தது, எது முதலாளி கட்டியது என்று எப்படிச் சொல்வது? கணக்கு அறிந்தவரே முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும். முன்பக்கம் கைக்கு வராமல் இரண்டாம் தாள் மட்டும் படி எடுக்கப்பட்டு வந்திருந்தால் அதுவும் முடியாது.

இன்னொன்று. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலாளர் பதிவேட்டின் விவரங்களை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும்படி முதலாளியைப் பணிக்கிறது. ஆறு ஆண்டு கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பவர், அதை எழுதியவராக இருக்கமாட்டார். ஒவ்வொரு தாளும் தன் கதையைத் தானே சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். பட்டியல் போடுவதன் முதல் விதி இதுதான்.

இந்த விதி கணினியோடு வந்ததன்று. பழைய செக்ரோல் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் தலைப்புகள் அச்சிடப்பட்டே இருக்கும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டால், அடியில் அதுவரையிலான கூட்டுத்தொகையை எழுதி "அடுத்த பக்கத்துக்குக் கொண்டு சென்றது" என்று குறிப்பார்கள். அடுத்த பக்கத்தின் முதல் வரியில் அதே தொகையை எழுதி "முன்பக்கத்திலிருந்து கொண்டு வந்தது" என்று தொடங்குவார்கள். 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் லூக்கா பச்சோலி என்னும் இத்தாலியத் துறவி வணிகக் கணக்கு எழுதும் முறையை விளக்கினார். பேரேட்டில் ஒரு கணக்குக்குரிய இடம் நிறைந்துவிட்டால் அதை எப்படி முன்னே எடுத்துச் செல்வது என்பதையும் அவர் அதில் சொல்லியிருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கெழுதும் மனிதர் கவனித்து வந்த காரியத்தைக் கணினி நமக்காகத் தானே செய்யும். ஆனால் செய் என்று நாம் அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது செய்யாது.

இனிச் செயல்முறைக்கு வருவோம். பலரும் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் வேர்டை வைத்தே சொல்லுகிறோம். தோட்டத்தில் நிரை பிடிப்பது நமக்குப் புதிதல்ல. அட்டவணையிலும் இடமிருந்து வலமாகப் போவதை நிரை என்று கொள்வோம். மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்று கொள்வோம். பெயர், அடையாள அட்டை எண், தொகை என்று எழுதியிருக்கும் முதல் நிரை தலைப்பு நிரை.

முதலாவது, தலைப்பு நிரையை ஒவ்வொரு பக்கத்திலும் வரச் செய்வது. தலைப்பு நிரையில் எங்காவது ஒரு கட்டத்தைச் சொடுக்குங்கள். திரையின் மேலே அட்டவணைக்குரிய லேஅவுட் என்னும் பகுதி தோன்றும். வேர்டில் லேஅவுட் என்ற பெயரில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தாளுக்குரியது. மற்றது அட்டவணைக்குள் நாம் நிற்கும்போது மட்டும் வலப்புறத்தில் தோன்றுவது. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதில் ரிப்பீட் ஹெடர் ரோஸ் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் போதும். பத்துப் பக்கம் ஓடினாலும் தலைப்பு ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் தானே வந்து நிற்கும். தலைப்பு இரண்டு நிரைகளாக இருந்தால், முதல் நிரையிலிருந்து தொடங்கி இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு பொத்தானை அழுத்த வேண்டும்.

"அழுத்திப் பார்த்தோம், வரவில்லையே" என்று பலர் சொல்வதுண்டு. அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். பட்டியலின் நடுவில் யாரேனும் கையால் பக்கத்தை முறித்திருப்பார்கள். அப்படி முறித்தால் வேர்ட் அந்த இடத்தில் தலைப்பைத் திரும்பப் போடாது. அந்த முறிவை நீக்கி, பக்கம் தானாக மாறும்படி விட வேண்டும். இரண்டாவது, அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடும்படி அமைத்திருப்பார்கள். டேபிள் ப்ராப்பர்டீஸ் என்ற பெட்டியைத் திறந்து, டெக்ஸ்ட் ராப்பிங் என்ற இடத்தில் நன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது காரணம் நம்மிடையே அதிகம் காணப்படுவது. நாற்பது பேருடைய பெயர்களையும் ஒரே கட்டத்துக்குள் என்டர் விசையைத் தட்டித் தட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு நாற்பது வரிகள். கணினியின் கணக்கிலோ அது ஒரே நிரை. ஆளுக்கொரு நிரை என்பதே ஒழுங்கு. ஒரு மரத்துக்கு ஒரு குழி போல, ஒரு பெயருக்கு ஒரு நிரை.

இரண்டாவது, ஒரு நிரை நடுவில் உடையாமல் காப்பது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெயரோடு தந்தை பெயரும் சேர்ந்தால் குறுகிய பத்தியில் ஒரு பெயர் இரண்டு, மூன்று வரிகளாக மடியும். அப்படி மடிந்த பெயர் பக்கத்தின் அடியில் வந்தால், ஒரு வரி இங்கும் மற்றது அடுத்த பக்கத்திலும் பிரிந்துபோகும். இதைத் தடுக்க, பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, சுட்டெலியின் வலப் பொத்தானை அழுத்தி, டேபிள் ப்ராப்பர்டீஸ் பெட்டிக்குச் செல்லுங்கள். அதில் ரோ என்ற பிரிவில் அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ் என்று ஒரு வரி இருக்கும். நிரை இரு பக்கங்களில் உடைய இடம் கொடு என்பது அதன் பொருள். அதன் முன்னுள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். இனி இடம் போதாத நிரை முழுதாக அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும். முதல் பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் விழும். அதனால் குற்றமில்லை.

அதே பெட்டியில் நிரையின் உயரத்தைக் குறிக்கும் இடமும் உண்டு. அங்கே எக்ஸாக்ட்லி என்று இருந்தால், சொன்ன உயரத்துக்கு மேல் உள்ள எழுத்துகள் வெட்டுண்டு மறைந்துபோகும். மேலே புள்ளியும் விசிறியும் கீழே வளைவும் உடைய நம் எழுத்துகளுக்கு இது மிகவும் கேடு. அட் லீஸ்ட் என்று மாற்றிவிட்டால், எழுத்துக்கு வேண்டிய அளவு நிரை தானே உயர்ந்து கொடுக்கும்.

மூன்றாவது, சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைப்பது. கூட்டுத்தொகையும், தலைவர், செயலாளர், பொருளாளர் கையொப்பமும் மட்டும் தனித் தாளில் இருப்பது நல்லதன்று. கையொப்பம் மட்டும் உள்ள தாளை எந்தப் பட்டியலின் பின்னாலும் செருகிவிடலாம் அல்லவா? 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டியவை. அவை இதில் தனிக் கவனம் வைக்க வேண்டும். கையொப்பம் இருக்கும் தாளில் குறைந்தது இரண்டு மூன்று பெயர்களாவது, அவற்றோடு கூட்டுத்தொகையும் இருக்கட்டும். அதற்குக் கடைசி மூன்று நிரைகளையும் கூட்டுத்தொகை நிரையையும் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் என்ற பெட்டியைத் திறந்து, லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் என்ற பிரிவில் கீப் வித் நெக்ஸ்ட் என்பதற்குச் சரிக்குறி இடுங்கள். அடுத்ததோடு சேர்ந்தே இரு என்று பொருள். பட்டியலுக்கு மேலே எழுதும் பெரிய தலைப்புக்கும் இதையே செய்யலாம். தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் பட்டியல் அடுத்த பக்கத்திலுமாகப் பிரிந்து நிற்பது அதனால் நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிரை மட்டுமே உள்ள சிறு பட்டியல் இரண்டாகப் பிரியக் கூடாது என்றால், கடைசி நிரை தவிர மற்ற எல்லா நிரைகளுக்கும் இதைச் செய்யுங்கள். பட்டியல் முழுவதும் ஒன்றாகவே நகரும்.

இந்த இடத்தில் ஒரு கெட்ட பழக்கத்தைச் சுட்டிக் காட்ட வேண்டும். பட்டியலை அடுத்த பக்கத்துக்குத் தள்ள என்டர் விசையைப் பத்துப் பன்னிரண்டு முறை தட்டுவார்கள். அன்றைக்குச் சரியாகத் தோன்றும். மறுநாள் ஒரு பெயரைச் சேர்த்தால் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கி, பட்டியல் பழையபடி கலைந்துவிடும். சேற்றில் கல்லைப் போட்டுப் பாதை அமைத்த கதைதான். பட்டியல் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டுமானால், மேலேயுள்ள தலைப்பு வரியில் நின்று, முன்பு சொன்ன அதே பெட்டியில் பேஜ் பிரேக் பிஃபோர் என்பதற்குச் சரிக்குறி இடுங்கள். முன்னே எத்தனை வரி கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தலைப்பு புதிய பக்கத்தில்தான் தொடங்கும். வேறொருவர் தட்டெழுதிய பட்டியலைத் திருத்த நேர்ந்தால், முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் என்டர் குறிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்கே தட்டித் தள்ளியிருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

அடுத்து நாம் பேச வேண்டியது, ஒரு குடும்பத்தின் உரிமையையே தொடக் கூடிய சிக்கல். குடும்ப விவரப் பட்டியல் எழுதும்போது, குடும்பத் தலைவர் பெயரை ஒரு முறை மட்டும் எழுதி, அவருக்குரிய நான்கைந்து கட்டங்களை மேலிருந்து கீழாக ஒன்றாக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் மனைவி, மக்கள் பெயர்கள் வரிசையாக வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குடும்பம் பக்கத்தின் அடியில் வந்து விழுந்தால், தலைவர் பெயரும் மூத்த பிள்ளையும் முதல் பக்கத்தில் நிற்க, இளைய பிள்ளைகள் இருவர் அடுத்த பக்கத்தில் தலைவர் பெயரில்லாமல் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே அடுத்த குடும்பம் தொடங்கும். பட்டியலைப் படிப்பவர் நம் தோட்டத்தை அறியாதவர். அந்த இரு பிள்ளைகளையும் அவர் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பார்? பள்ளி உதவிக்கோ வீட்டுக்கோ தலையெண்ணும்போது அந்தக் குடும்பத்தில் இரண்டு தலை குறைந்துவிடும். பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயரும் இருக்கிறது, தாளும் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் கணக்கில் அவர்கள் இல்லை.

இதற்கு மருந்து எளியது. கட்டங்களை ஒன்றாக்காதீர்கள். குடும்ப எண் என்று ஒரு பத்தி வைத்து, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒவ்வொருவர் நிரையிலும் அதே எண்ணையும் தலைவர் பெயரையும் திரும்ப எழுதுங்கள். எழுதியதையே எழுதுவதாகத் தோன்றலாம். ஆனால் எந்த நிரையைத் தனியே பிரித்தாலும் அது தன் குடும்பத்தைச் சொல்லும்.

அடையாள அட்டை எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் எண் பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்டது. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறி, கடைசியில் நான்கு. சிலாங்கூரில் பிறந்தவர் பலருக்கு நடு இரண்டு 10 என்றிருப்பதைக் காணலாம். இந்த மூன்று பகுதிகளுக்கும் நடுவே நாம் சிறு கோடு போடுகிறோம். பத்தி குறுகலாக இருந்தால் வேர்ட் அந்தக் கோட்டருகே எண்ணை உடைத்து, மீதியை அடுத்த வரிக்குத் தள்ளும். படியெடுத்து எழுதுபவர் கடைசி நான்கை விட்டுவிட இது வழி செய்யும். சாதாரணக் கோட்டுக்குப் பதிலாக, கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கோட்டு விசையை அழுத்தினால், உடையாத கோடு ஒன்று விழும். பத்தியைப் போதிய அளவு அகலமாக்கிவிட்டால் எண் முழுதும் ஒரே வரியில் நிற்கும். பத்திகள் அதிகமாகி இடம் நெருக்கினால் தாளைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்ளலாம். லேண்ட்ஸ்கேப் என்பது அதற்குரிய கட்டளை.

வீட்டில் ஒழுங்காக இருந்த பட்டியல் பட்டணத்து அச்சுக் கடைக்குப் போனதும் கலைந்துவிடுகிறதே, ஏன்? இதற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது தாளின் அளவு. நாம் அச்செடுக்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அமெரிக்கர்களின் லெட்டர் தாள் 279 மில்லிமீட்டர் நீளந்தான். கணினியில் லெட்டர் என்று அமைந்திருந்து நாம் ஏ4 தாளில் அச்செடுத்தால், அந்த 18 மில்லிமீட்டர் வேறுபாட்டில் இரண்டு மூன்று வரிகள் இடம் மாறிவிடலாம். வேலையைத் தொடங்கும்போதே அளவு ஏ4 தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் எழுத்துரு. நம் கணினியில் உள்ள தமிழ் எழுத்துரு கடைக் கணினியில் இல்லாவிட்டால், அது தன்னிடமுள்ள வேறோர் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். அதன் உயரமும் அகலமும் வேறாக இருக்கும். நிரைகள் உயர்ந்து பக்கங்கள் மாறிவிடும். கணினித் தமிழுக்கு நம் நாடு ஆற்றிய பங்கு சிறிதன்று. 1980களின் நடுவில் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியரே. அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிக் குறியீடு இருந்தது. ஓரிடத்தில் எழுதியது இன்னோரிடத்தில் புரியாத கிறுக்கலாகத் தோன்றும். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழும் இடம் பெற்றது. அது நாளடைவில் எல்லாக் கணினிகளுக்கும் பரவியபின் அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது. ஆனால் எழுத்துருவின் வடிவ வேறுபாடு இன்னும் உண்டு. ஆகவே பட்டியல் முடிந்ததும் அதைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, அதையே அச்சுக்குக் கொடுங்கள். பிடிஎஃப் கோப்பு நிழற்படம் போன்றது. எங்கே திறந்தாலும் பக்கம் மாறாது. திருத்துவதற்காக வேர்ட் கோப்பை மட்டும் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சில வேளைகளில் பட்டியல் சரியாகப் பக்கத்தின் அடிவரை வந்து முடிந்திருக்கும். அச்செடுத்தால் பின்னால் ஒரு வெற்றுத் தாளும் வரும். அட்டவணைக்குப் பின்னால் வேர்ட் எப்போதும் ஒரு வெற்று வரியை வைக்கும். அதை அழிக்க முடியாது. அந்த வரியின் எழுத்தளவை 1 ஆக்கி, முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைச் சுழியமாக்கிவிட்டால் பெரும்பாலும் வெற்றுத் தாள் வராது.

வேர்ட் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. லிபர் ஆஃபிஸ் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அட்டவணையின் ப்ராப்பர்டீஸ் பெட்டியில் டெக்ஸ்ட் ஃப்ளோ என்ற பிரிவுக்குச் சென்றால், தலைப்பைத் திரும்பப் போடுவதும் நிரை உடையாமல் காப்பதும் ஒரே இடத்தில் இருக்கும். கூகுள் டாக்ஸில் தட்டெழுதுவோர் கணினித் திரையில் அதைத் திறந்து, அட்டவணையின் ப்ராப்பர்டீஸ் பகுதியில் ரோ என்பதன் கீழ் தலைப்பு நிரையைப் பொருத்தி வைக்கலாம். நிரை அடுத்த பக்கத்துக்கு வழிவதையும் அங்கேயே தடுக்கலாம். பெயர்கள் வேறாயினும் முறை ஒன்றே.

கணினி தானே செய்யாத இரண்டு காரியங்கள் உண்டு. அவற்றை நாமே செய்ய வேண்டும். முதல் பத்தியில் வரிசை எண் இடுங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் மொத்தப் பக்கங்கள் எத்தனை, இது எத்தனையாவது பக்கம் என்று குறியுங்கள். மூன்றில் இரண்டாம் பக்கம் என்று எழுதியிருந்தால், ஒரு தாள் தொலைந்தாலும் தொலைந்தது என்று தெரியும். பக்கத்துக்குப் பக்கம் கூட்டித் தொகையைக் கொண்டு செல்லும் பழைய வழக்கத்தையும் வேர்ட் தானே செய்யாது. பணக் கணக்காக இருந்தால் கிராணியார் செய்தது போல் நாமே கூட்டிச் சரிபார்ப்பது நல்லது.

நேயர்களே, பட்டியல் எழுதித் தரும் பிள்ளைகளிடம் பெற்றோர் ஒரு வேலை வாங்கலாம். அச்செடுத்து வந்ததும் முதல் தாளை மறைத்து வைத்துவிட்டு, இரண்டாம் தாளை மட்டும் கையில் கொடுத்து, "இதில் இருப்பவர் யார், இந்தத் தொகை எதற்கு?" என்று கேளுங்கள். அந்தத் தாளைப் பார்த்தே விடை சொல்ல முடிந்தால் பட்டியல் சரியாக இருக்கிறது. சொல்ல முடியாவிட்டால், இன்னும் பத்து நிமிடம் கணினியின் முன் உட்காரச் சொல்லுங்கள். கணினி தெரியாத பெற்றோரும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஏனென்றால் தாளில் இருப்பது அவர்கள் பெயர், அவர்கள் உழைப்பு.